பழைய அறிபுனை, சரித்திரத் தொடர்கள்: எந்த வரிசையில், எந்தப் பதிப்பில் பார்ப்பது?

வானோடி எழுதியது:

"மூணு எபிசோட் பார்த்தேன், ஒண்ணும் புரியலை, விட்டுட்டேன்" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் தவறான இடத்தில் ஆரம்பித்தவர்கள். மீதிப் பேர் பார்த்தது சிதைந்த பதிப்பு. தொடர் மேல் பழி போடுவதற்கு முன் இந்த இரண்டையும் சரிபார்க்க ஓர் இழை இருக்கட்டும். எனக்குத் தெரிந்த இரண்டை முதலில் போடுகிறேன்.

பேட்டில்ஸ்டார் கலாக்டிகா (புதியது): பல தளங்களில் சீசன் 1, எபிசோட் 1 என்று காட்டுவது "33". அது ஆரம்பம் இல்லை. 2003 டிசம்பரில் வந்த இரண்டு பாக மினிசீரிஸ்தான் ஆரம்பம். சுமார் மூன்று மணி நேரம் ஓடும், படமாகத் தனியே பட்டியலிட்டிருப்பார்கள், தேடி எடுக்க வேண்டும். அதை விட்டுவிட்டு "33"-க்குள் போனால், 33 நிமிடத்துக்கு ஒருமுறை ஏன் தாவி ஓடுகிறார்கள், இந்த ஜனாதிபதி அம்மா யார், பால்டர் தலைக்குள் பேசும் சிவப்பு உடைப் பெண் யார் எதுவும் புரியாது. அந்த எபிசோடின் கடைசியில் வெள்ளைப் பலகையில் உயிரோடு இருப்பவர் எண்ணிக்கையை ராஸ்லின் (அந்த ஜனாதிபதி அம்மாதான்) ஒன்று கூட்டி எழுதும் இடம் இருக்கிறதே, மினிசீரிஸ் பார்த்தவருக்குத்தான் அந்த "ஒன்று" உறைக்கும்.

"ரேஸர்" என்ற தனிப்படம் கதைப்படி சீசன் 2-இன் பிற்பகுதியில் நடக்கிறது. அதற்காக அங்கே செருகாதீர்கள். 2007-இல் சீசன் 3 முடிந்த பிறகு வந்தது, விமானி ஸ்டார்பக் பற்றி ஒரு முன்னறிவிப்பு அதில் வரும், அது சீசன் 4-க்கான தூண்டில். சீசன் 3-க்கும் 4-க்கும் நடுவில் பாருங்கள். "தி ப்ளான்" எல்லாம் முடிந்த பிறகு. மனித உருவில் ஒளிந்திருக்கும் எதிரி இயந்திரங்களான சைலான்கள் யார் யார் என்பதை முழுக்கப் போட்டு உடைக்கும் படம் அது.

ஃபயர்ஃப்ளை: 2002-இல் ஃபாக்ஸ் சேனல் இரண்டு மணி நேர முதல் எபிசோடை ("செரினிட்டி") கடைசியில் ஒளிபரப்பியது. செப்டம்பரில் தொடங்கியது "தி ட்ரெயின் ஜாப்". "செரினிட்டி" வந்தது டிசம்பர் 20. எடுத்த 14-இல் 11 மட்டுமே அந்த ஒளிபரப்பில் வந்தது. டிவிடி வரிசைதான் சரி: செரினிட்டி, ட்ரெயின் ஜாப், புஷ்வாக்ட் என்று தொடங்கி "ஆப்ஜெக்ட்ஸ் இன் ஸ்பேஸ்" வரை. 2005 படம் கடைசியாக. படத்துக்கும் முதல் எபிசோடுக்கும் பெயர் ஒன்றே, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

பாஸ், பாபிலோன் 5 எங்கிருந்து தொடங்கணும்? ஒருத்தர் "இன் தி பிகினிங்" படம்னு சொல்றார், பெயரே அப்படித்தானே இருக்கு. இன்னொருத்தர் சீசன் 1-ஐ விட்டுட்டு நேரா 2-க்குப் போன்னு சொல்றார்.

---

நட்சத்திரக்கணக்கு எழுதியது:

ரெண்டு பேர் சொல்றதையும் கேட்காதீங்க.

"இன் தி பிகினிங்" 1998-இல் வந்த முன்கதை. பூமி-மின்பாரி போரின் கடைசி நாளில், ஜெயிக்கிற நிலையில் இருந்த வேற்றுக்கோள் இனமான மின்பாரிகள் ஏன் சரணடைந்தார்கள் என்பதுதான் சீசன் 1 முழுக்க ஓடும் புதிர். விடை சீசன் 2-இன் முதல் எபிசோடில் வரும். படம் அதை முதலிலேயே சொல்லிவிடும். அதைப் பார்த்துவிட்டு சீசன் 1 பார்த்தால் நிலையத் தளபதி சின்க்ளேரின் 24 மணி நேர மறதியில் மர்மம் என்று எதுவும் மிஞ்சாது. சீசன் 4 முடித்தபிறகு பாருங்க.

தொடக்கம்: "தி கேதரிங்" என்ற 1993 பைலட் படம். அதில் இரண்டு எடிட் பதிப்பு உண்டு. 1998-இல் மறுபடி எடிட் செய்து, தொடருக்கு இசையமைத்த கிறிஸ்டோஃபர் ஃப்ராங்கேயின் இசையோடு வந்தது மேல். பழையதில் ஸ்டூவர்ட் கோப்லண்ட் இசை. கெட்டதில்லை, ஆனால் வேறு தொடர் மாதிரி ஒலிக்கும்.

பிறகு ஐந்து சீசன், சீசனுக்கு 22, மொத்தம் 110. "தர்ட்ஸ்பேஸ்" படம் கதைப்படி சீசன் 4-இல் நடப்பது. எப்போது பார்த்தாலும் குடி முழுகாது. "எ கால் டு ஆர்ம்ஸ்" படம் கடைசியில், அதுவும் "க்ருசேட்" என்ற கிளைத் தொடர் பார்க்கப் போகிறவர்களுக்கு மட்டும்.

சீசன் 1 பற்றி: தாண்டினால் இழப்பு உங்களுக்குத்தான். 110-இல் 92 எபிசோடைத் தொடரை உருவாக்கிய ஸ்ட்ராசின்ஸ்கி ஒருவரே எழுதியிருக்கிறார். சீசன் 1-இல் நட்ட விதையை சீசன் 3-இல் அறுக்கிற ஆள். "பாபிலோன் ஸ்க்வேர்ட்" (சீசன் 1, 20-ஆவது) ஒரு பக்கம் கிழிந்த புத்தகம் மாதிரி முடியும். கிழிந்த பக்கம் சீசன் 3-இன் "வார் வித்அவுட் எண்ட்" (16, 17). முதலாவதைப் பார்க்காமல் இரண்டாவதைப் பார்ப்பவர்களுக்கு அது வெறும் காலப்பயணக் கதை.

---

மஞ்சள்விண்கலம் எழுதியது:

நட்சத்திரக்கணக்கு சொல்வதோடு முழுக்க ஒத்துப்போக முடியவில்லை. சீசன் 1-இல் 22-ம் பார்க்கச் சொன்னால் பாதிப் பேர் ஐந்தாவதிலேயே ஓடிவிடுகிறார்கள். புதியவருக்குக் கட்டாயம்: மிட்நைட் ஆன் தி ஃபயரிங் லைன் (1), அண்ட் தி ஸ்கை ஃபுல் ஆஃப் ஸ்டார்ஸ் (8), சைன்ஸ் அண்ட் போர்ட்டென்ட்ஸ் (13), பாபிலோன் ஸ்க்வேர்ட் (20), க்ரிசலிஸ் (22). இந்த ஐந்து போதும், சீசன் 2-க்குள் போகலாம். ருசி கண்டபிறகு மற்றதைத் திரும்பி வந்து பார்ப்பார்கள்.

சீசன் 5 முற்பாதி தொய்வாக இருப்பதற்குக் காரணம் உண்டு. நான்கோடு நிறுத்தப்படும் என்று பயந்து, ஐந்தாவதில் வர வேண்டிய முடிவுகளை நான்கிலேயே அடைத்தார்கள். கடைசி எபிசோடான "ஸ்லீப்பிங் இன் லைட்" சீசன் 4-ஓடு படமானது. டிஎன்டி சேனல் ஐந்தாவதுக்கு ஒப்புக்கொண்டதும் அதைத் தள்ளிவைத்து, சீசன் 4 முடிவுக்கு வேறொன்றைப் புதிதாக எடுத்தார்கள். சீசன் 5-இன் டெலிபாத் (மனத்தைப் படிப்பவர்கள்) பகுதியைப் பல்லைக் கடித்துக் கடந்தால் பின்பாதியில் தூதர் லோண்டோவின் கதை காத்திருக்கிறது.

---

நட்சத்திரக்கணக்கு எழுதியது:

அந்த ஐந்தோடு "பை எனி மீன்ஸ் நெசசரி", "எ வாய்ஸ் இன் தி வில்டர்னஸ்" இரண்டு பாகம் சேர்த்தால் சண்டை போட மாட்டேன். எப்சிலன் 3 கோளுக்கடியில் இருக்கிற இயந்திரம் பின்னால் வேண்டும்.

---

சட்டகம் எழுதியது:

எந்த வரிசை என்று பேசுகிறீர்கள், எந்தப் பதிப்பு என்று யாரும் சொல்லவில்லையே. பாபிலோன் 5-இல் அதுதான் பெரிய சிக்கல்.

நடிகர்கள் வரும் காட்சிகளைச் சூப்பர் 35 ஃபிலிமில், பிற்காலத்து அகலத்திரைக்கும் ஆகும்படி எடுத்தார்கள். ஆனால் கணினி வரைகலை முழுக்கப் பழைய டிவியின் 4:3 வடிவத்தில், அன்றைய டிவி தெளிவில் மட்டும். டிவிடி வெளியிட்டபோது படம் முழுவதையும் அகலத்திரை 16:9 ஆக்கினார்கள். ஃபிலிம் காட்சிக்குப் பிரச்சினை இல்லை. வரைகலைக் காட்சிகளை மட்டும் மேலும் கீழும் வெட்டி, மிச்சத்தை இழுத்துப் பெரிதாக்கினார்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் காட்சியில் ஒருவர் துப்பாக்கியால் சுட்டதும் படம் திடீரென்று மங்கி நெருங்கி வரும். அடுத்த ஷாட்டில் தெளிந்துவிடும். சுடுகிற ஒளிக்கீற்று வரைகலை, அதனால் அந்த ஷாட் முழுக்கவே பழைய டேப்பிலிருந்து வந்தது. ஒரு முகத்திலிருந்து இன்னொரு காட்சிக்கு உருகி மாறும் இடங்களிலும் இதே கதி. "கிராஃபிக்ஸ் கேவலம்" என்று எழுதுகிறவர்களில் பலர் இந்த டிவிடி பதிப்பைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

2021-இல் வந்த ரீமாஸ்டர் மறுபடி 4:3. ஃபிலிம் பகுதிகளை மூல நெகட்டிவிலிருந்து ஸ்கேன் செய்து, வரைகலையை வெட்டாமல் தெளிவு கூட்டினார்கள். ப்ளூரே 2023 டிசம்பரில் வந்ததும் இதே. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் சரியான பதிப்பு என்று அர்த்தம். டிவியில் "ஸ்ட்ரெட்ச்", "ஜூம்" இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

இதே பாவம் வாம்பையர் வேட்டைத் தொடரான பஃபிக்கும் நடந்தது. 4:3 மனத்தில் வைத்து எடுத்ததை எச்டி-யில் அகலமாகத் திறந்ததும், சட்டகத்துக்கு வெளியே நின்ற படக்குழு ஆட்கள் உள்ளே தெரிகிறார்கள். அதைவிட மோசம் வண்ணம். பகலில் எடுத்து நீல நிறம் ஏற்றி இரவாக்கிய காட்சிகளில், ரீமாஸ்டர் செய்தவர்கள் அந்த நீலத்தை மறுபடி ஏற்றவே இல்லை. விளைவு, வெயிலில் பட்டால் சாம்பலாக வேண்டிய வாம்பையர் பட்டப்பகலில் நின்று வசனம் பேசுகிறது. பஃபிக்கு இன்னும் பழைய 4:3 டிவிடிதான் நல்லது.

முறையாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு ஸ்டார் ட்ரெக் நெக்ஸ்ட் ஜெனரேஷன். 35 மிமீ ஃபிலிமில் எடுத்து, எடிட்டிங்கும் எஃபெக்டும் வீடியோ டேப்பில் செய்த தொடர். 2012 முதல் 2014 வரை நெகட்டிவ்களைத் தேடியெடுத்து, ஷாட் ஷாட்டாக மறுபடி வெட்டி ஒட்டி, கப்பல் மாடல்களின் ஃபிலிமை மறுபடி கலந்து எச்டி ஆக்கினார்கள். 4:3-ஐத் தொடவில்லை. டீப் ஸ்பேஸ் நைனுக்கும் வாயேஜருக்கும் இந்த வேலை நடக்கவே இல்லை. அவை மங்கலாகத் தெரிந்தால் உங்கள் இணைய வேகத்தைத் திட்டாதீர்கள்.

---

அரண்மனைக்கிளி எழுதியது:

விண்கலத்தை விட்டுக் கொஞ்சம் கீழே இறங்குங்கப்பா. சரித்திரத் தொடர் பக்கமும் இதே கூத்துதான்.

"ரோம்" (2005–2007): 12-ம் 10-மாக மொத்தம் 22 எபிசோட். பிபிசி முதலில் ஒளிபரப்பியபோது முதல் மூன்றை இரண்டாகச் சுருக்கியது. அரசியல் பின்னணிதான் வெட்டுப்பட்டது. செனட்டில் யார் யார் பக்கம் என்பது குழம்பினால் எபிசோடை எண்ணிப் பாருங்கள். டிஸ்க்கில் முழுசாக இருக்கிறது. இரண்டாவது சீசன் மூச்சுவாங்க ஓடுவதற்குக் காரணம், அதோடு முடிகிறது என்று தெரிந்ததும் பின்னால் வைத்திருந்த எகிப்துக் கதையையும் அதிலேயே திணித்தது. நடுவில் ஆக்டேவியன் (பின்னாளில் அகஸ்டஸ்) நடிகர் மாறுகிறார், மேக்ஸ் பிர்கிஸ் போய் சைமன் வுட்ஸ். வேறு பாத்திரம் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு.

தொடரின் நாயகர்களான வீரர்கள் வொரீனஸும் புல்லோவும் கற்பனை என்று நினைப்பவர்களுக்கு: சீசர் தன் காலிக் போர்க் குறிப்புகளில், ஐந்தாம் புத்தகம் 44-ஆம் பகுதியில், இந்தப் பெயர்களில் இருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கே இருவருமே செஞ்சூரியன்கள் (படைப்பிரிவுத் தலைவர்கள்), யார் பெரியவன் என்று போட்டி போடுகிறவர்கள். தொடர் புல்லோவைச் சாதாரண வீரனாக இறக்கிவிட்டது. ஆக்டேவியனின் அம்மா ஆட்டியாவை மட்டும் சரித்திரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நிஜ ஆட்டியா ஒழுக்கத்துக்குப் பெயர்பெற்றவர், கி.மு. 43-லேயே இறந்துவிட்டார், தொடரில் வரும் அம்மணி வேறு பிறவி.

"ஐ, கிளாடியஸ்" (1976): சில பதிப்பில் 12 எபிசோட், சிலவற்றில் 13. எதுவும் விடுபடவில்லை. முதல் எபிசோட் இரட்டை நீளம், அதை இரண்டாகப் பிரித்தால் 13. முழுக்க ஸ்டூடியோவுக்குள், வீடியோ கேமராவில். படை கிடையாது, போர் கிடையாது, கலோசியம் கிடையாது. விளையாட்டரங்கக் காட்சியில்கூடக் காட்டுவது அரச குடும்பத்தின் இருக்கைகளைத்தான். அகஸ்டஸ் சாகும் காட்சி ஒன்று போதும்: கேமரா அகஸ்டஸாக நடித்த பிரையன் பிளெஸ்ஸட்டின் முகத்தில் நிற்கிறது, மனைவி லிவியா சட்டகத்துக்கு வெளியே பேசிக்கொண்டே போகிறாள், முகத்தில் அசைவே இல்லை, எந்தக் கணத்தில் உயிர் போனது என்று நம்மால் குறிக்க முடியாது. இத்தனைக்கும் லிவியாவாக நடித்த ஷான் ஃபிலிப்ஸின் முகம் அதில் பெரும்பகுதி தெரிவதே இல்லை.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

மேடம், "ஐ, கிளாடியஸ்" எனக்கு மேடை நாடகத்தை வீடியோ எடுத்த மாதிரி இருக்கு. கை வீசினா சீப்பு மாதிரி கோடு கோடா வேற தெரியுது. அது அப்படித்தானா?

---

சட்டகம் எழுதியது:

மேடை நாடகம் மாதிரி இருப்பது அப்படித்தான். சீப்புக் கோடு அப்படி இல்லை, உங்கள் ப்ளேயரின் கோளாறு.

அன்றைய பிரிட்டிஷ் வீடியோ விநாடிக்கு 50 அரைப்படம்: ஒற்றைப்படை வரிகள் ஒருமுறை, இரட்டைப்படை வரிகள் அடுத்தமுறை. இரண்டையும் அப்படியே ஒன்றாக ஒட்டிக் காட்டினால் அசையும் இடத்தில் சீப்பு விழும். ஒன்றை எறிந்துவிட்டு 25 ஆக்கினால் சீப்பு போகும், கூடவே அந்த வழவழப்பான உயிரோட்டமும் போகும். வி.எல்.சி ப்ளேயரில் வீடியோ மெனுவில் டீஇண்டர்லேஸ் "ஆன்", முறை "யாடிஃப் 2x". அந்த 2x முக்கியம், அதுதான் 50-ஐயும் காப்பாற்றுகிறது.

இன்னொன்று: 70-களின் பிபிசி தொடர்களில் உள்காட்சி வீடியோ, வெளிப்புறக் காட்சி 16 மிமீ ஃபிலிம். கதவைத் திறந்து வெளியே போனதும் படத்தின் தன்மையே மாறும். அது கோளாறு இல்லை, திருத்தப் போகாதீர்கள். பிபிசி அறிபுனைத் தொடரான டாக்டர் ஹூ-வில் "ஸ்பியர்ஹெட் ஃப்ரம் ஸ்பேஸ்" (1970) மட்டும் ஸ்டூடியோ வேலைநிறுத்தத்தால் முழுக்க ஃபிலிமில் எடுத்தது. அந்தக் காலத்து மற்ற கதைகளுக்குக் கிடைக்காத உண்மையான எச்டி அதற்குக் கிடைத்தது இதனால்தான்.

---

பெட்டிநீலம் எழுதியது:

டாக்டர் ஹூ பேச்சு வந்ததால் சொல்லிவிடுகிறேன். 1963–69 கறுப்புவெள்ளைக் காலத்தில் 253 எபிசோட், அதில் தொண்ணூறுக்கு மேல் படமாக இல்லை. டேப்பை அழித்து மறுபடி பயன்படுத்தினார்கள். எஞ்சியவை பெரும்பாலும் வெளிநாட்டு விற்பனைக்காக எடுத்த 16 மிமீ ஃபிலிம் நகல்கள். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்தவை 2013 அக்டோபரில் அறிவிக்கப்பட்டன: "தி எனிமி ஆஃப் தி வேர்ல்ட்" முழுசாக, "தி வெப் ஆஃப் ஃபியர்" மூன்றாவது எபிசோட் நீங்கலாக.

ஒலி மட்டும் எல்லாவற்றுக்கும் இருக்கிறது. ரசிகர்கள் வீட்டு டிவி முன்னால் டேப் ரெக்கார்டர் வைத்துப் பதிவு செய்த புண்ணியம். அந்த ஒலிமேல் அனிமேஷன் செய்து வெளியிடுகிறார்கள். ஆகவே "எபிசோட் 4 மட்டும் கார்ட்டூனா வருது, ஃபைல் கெட்டுப்போச்சு" என்று பயப்பட வேண்டாம். "தி டென்த் ப்ளானட்" கடைசி எபிசோட் அப்படித்தான்.

பார்க்கும் முறை: ஒவ்வொரு பாகமும் சுமார் 25 நிமிடம், அபாயத்தில் தொங்கவிட்டு முடியும். ஒரே மூச்சில் ஆறு பாகம் பார்த்தால் நாலாவதில் அலுத்துவிடும். ஓடு, மாட்டிக்கொள், தப்பி ஓடு என்று சுற்றிச் சுற்றி வரும். நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு. தொடங்க "ஜெனசிஸ் ஆஃப் தி டாலெக்ஸ்" (1975, ஆறு பாகம்), "சிட்டி ஆஃப் டெத்" (1979, நாலு பாகம்). 1963-இலிருந்து வரிசையாகத்தான் பார்ப்பேன் என்று அடம்பிடிப்பவர்களை இங்கே நிறையப் பார்த்தாயிற்று, பெரும்பாலும் நாலாவது கதையான "மார்க்கோ போலோ"வைத் தாண்டுவதில்லை.

---

ஹன்யாங்வாசி எழுதியது:

கொரியச் சரித்திரத் தொடரில் வரிசையைவிடப் பெயர்தான் ஆளைக் கவிழ்க்கும். ஒரே ஆளுக்கு இயற்பெயர், இளவரசப் பட்டம், இறந்தபின் கொடுக்கிற கோயில் பெயர் என்று மூன்று. சேஜோங், தேஜோங் எல்லாம் இறந்தபின் வந்த பெயர்கள், அதனால் அந்த அரசர் உயிரோடு இருக்கும் காட்சியில் யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள். "சிக்ஸ் ஃப்ளையிங் டிராகன்ஸ்"-இல் (50 எபிசோட்) வரும் யீ பாங்-வோன்தான் "ட்ரீ வித் டீப் ரூட்ஸ்"-இல் (24 எபிசோட்) அந்தக் கிழட்டுச் சிங்கம் தேஜோங். ஒரு தாளில் மூன்று கட்டம் போட்டு, இயற்பெயர், பட்டம், கோயில் பெயர் என்று எழுதி வைத்துக்கொண்டால் பத்தாவது எபிசோடுக்குப் பிறகு தாளே தேவைப்படாது.

இந்த இரண்டும் ஒரே எழுத்தாளர் ஜோடியுடையது. கதைக்காலப்படி டிராகன்ஸ் முதலில் (1392-இல் ஜோசோன் உருவாவது), கொரிய எழுத்து உருவாகும் கதையான "ட்ரீ" பிறகு. எடுத்த வரிசை தலைகீழ்: "ட்ரீ" 2011, "டிராகன்ஸ்" 2015. எடுத்த வரிசையில் பார்ப்பதே நல்லது. வாள்வீரர்கள் யீ பாங்-ஜியையும் மூ-ஹ்யூலையும் மூத்தவர்களாகப் பார்த்துவிட்டு, பிறகு அவர்கள் முதன்முதலில் வாள் தூக்குவதைப் பார்க்கும்போது வரும் சுகம் மறுபக்கம் கிடையாது.

"தே ஜாங் கும்" 54 எபிசோட்: முன்பாதி அரண்மனைச் சமையற்கட்டு, பின்பாதி மருத்துவம். சமையல் பிடித்தவர்கள் பின்பாதியில் சோர்வதுண்டு. அதில் "சாங்குங்" என்பது பெயர் இல்லை, அரண்மனைப் பெண்களின் பதவி. ஹான் சாங்குங், சோய் சாங்குங் இருவரும் அக்கா தங்கை என்று ஒருவர் இங்கே வாதாடினார், அதற்காகவே சொல்கிறேன்.

---

முகிலரசி எழுதியது:

பழைய தொடருக்கு சப்டைட்டில் தேடிப் போட்டால் ஆரம்பத்தில் சரியாக வருகிறது, போகப் போக வசனத்துக்கு ரொம்பப் பின்னால் தங்குகிறது. வி.எல்.சி-யில் ஜி, எச் விசையால் சரிசெய்தாலும் ஐந்து நிமிடத்தில் மறுபடி விலகுகிறது. என்ன செய்வது?

---

சட்டகம் எழுதியது:

அந்த விசைகள் நிலையான விலகலுக்குத்தான். உங்களுடையது வளரும் விலகல், காரணம் ஃப்ரேம் வேகம். அமெரிக்கத் தொடர் விநாடிக்கு 23.976 ஃப்ரேமில் ஓடும். ஐரோப்பிய டிவிடியில் அதை 25-க்கு வேகப்படுத்துவார்கள். 45 நிமிட எபிசோட் 43 நிமிடம் 9 விநாடியில் முடியும், குரலும் கொஞ்சம் கீச்சென்று ஏறும். 23.976-க்கான சப்டைட்டிலை அதில் போட்டால் 10-ஆவது நிமிடத்தில் சுமார் 25 விநாடி பின்தங்கும், 40-ஆவதில் 100 விநாடியைத் தாண்டும். உங்கள் கணக்கு இதோடு பொருந்துகிறதா பாருங்கள்.

பொருந்தினால் "சப்டைட்டில் எடிட்" என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்து, ஒத்திசைவு மெனுவில் ஃப்ரேம் வேகம் மாற்று, 23.976-இலிருந்து 25-க்கு. சேமித்தபிறகு முதல் வசனத்தையும் கடைசி வசனத்தையும் சோதியுங்கள். இரண்டிலும் ஒரே அளவு விலகல் மிஞ்சினால் அப்போது ஜி, எச். நடுவில் ஓரிடத்திலிருந்து மட்டும் திடீரென்று விலகினால் அது வேகம் இல்லை. விளம்பர இடைவேளை வெட்டு அல்லது காட்சி நீக்கம். வேறு பதிப்புக்கான சப்டைட்டில் அது, திருத்துவதைவிட வேறு தேடுவது சுலபம்.

---

கடைசிபெஞ்ச் எழுதியது:

கேம் ஆஃப் த்ரோன்ஸ் "தி லாங் நைட்" எபிசோட் யாருக்காவது கண்ணுக்குத் தெரிஞ்சுதா?

---

சட்டகம் எழுதியது:

82 நிமிட இருட்டு. வேண்டுமென்றே இருட்டாக எடுத்ததுதான், ஆனால் ஸ்ட்ரீமிங் அதை இன்னும் கெடுத்தது. கோப்பின் அளவைச் சுருக்கும்போது இருண்ட பகுதிகளில்தான் முதலில் தகவலை எறிவார்கள், அதனால் புகையும் பனியும் கட்டம் கட்டமாகவும் பட்டை பட்டையாகவும் ஆகின்றன. 4கே டிஸ்க்கில் நிலைமை எவ்வளவோ மேல்.

டிவியில்: படமுறை "சினிமா" அல்லது "ஃபிலிம்மேக்கர்", டைனமிக் கான்ட்ராஸ்ட் அணை, அறையொளிக்கேற்ப மாறும் சென்சாரை அணை, அறை விளக்கையும் அணை. கணினியையோ ப்ளேயரையோ எச்டிஎம்ஐ-யில் இணைத்திருந்தால் கறுப்பு அளவைப் பாருங்கள். கறுப்பு முதல் வெள்ளை வரையான அளவை ப்ளேயர் 0–255 ஆக அனுப்பி, டிவி 16–235 எதிர்பார்த்தால் நிழல் எல்லாம் ஒரே கரியாக அப்பிவிடும். மாறி இருந்தால் கறுப்பு சாம்பலாக வெளுக்கும். இரண்டு பக்கமும் ஒரே அமைப்பு இருக்க வேண்டும். "உல்ஃப் ஹால்" (2015) இரவுக் காட்சிகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்திலேயே எடுத்தார்கள், சோதனைக்கு அது நல்லது: சுடருக்குப் பக்கத்து முகமும் பின்சுவரும் இரண்டும் தெரிந்தால் அமைப்பு சரி. பிரைட்னஸை ஏற்றுவது கடைசி வழி.

---

மஞ்சள்விண்கலம் எழுதியது:

வரிசைச் சண்டைக்கு இன்னும் இரண்டு தருகிறேன்.

"தி பிரிசனர்" (1967–68), 17 எபிசோட். முதலும் கடைசி இரண்டும் உறுதி; நடுவில் ஆளாளுக்கு ஒரு பட்டியல். ஒளிபரப்பில் எட்டாவதாக வந்த "டான்ஸ் ஆஃப் தி டெட்"-இல் மர்ம ஊரில் அடைபட்டிருக்கும் நாயகன் நம்பர் சிக்ஸ், தான் ஊருக்குப் புதிது என்கிறான். எட்டாவதில் சொல்ல வேண்டிய வசனமா அது? அரைவல், அடுத்து டான்ஸ் ஆஃப் தி டெட், அடுத்து செக்மேட், அதன்பின் ஒளிபரப்பு வரிசை. "ஒன்ஸ் அபான் எ டைம்", "ஃபால் அவுட்" இரண்டையும் ஒரே அமர்வில்.

ஸ்டார்கேட் எஸ்ஜி-1 பார்ப்பவர்கள் சீசன் 7 முடிவில் நிறுத்துங்கள். "லாஸ்ட் சிட்டி", அடுத்து சீசன் 8-இன் "நியூ ஆர்டர்" இரண்டு பாகம், அதன்பிறகே கிளைத் தொடரான அட்லாண்டிஸின் "ரைசிங்". பிறகு அதில் ஒன்று, இதில் ஒன்று. எஸ்ஜி-1 மொத்தம் 214 எபிசோட், அட்லாண்டிஸ் 100.

---

வானோடி எழுதியது:

"செக்மேட்" மூன்றாவதா? "தி சைம்ஸ் ஆஃப் பிக் பென்" அதற்கு முன்னால் வர வேண்டும். தப்பிக்க முதல் பெரிய முயற்சி அதுதான். செக்மேட்டில் யார் கைதி, யார் காவலன் என்று நடந்துகொள்ளும் விதத்தை வைத்தே ஆளைப் பிரிக்கிறான். ஒருமுறை ஏமாந்த பிறகுதான் அந்த எச்சரிக்கை வரும். பட்டியலை மாற்றுங்கள், இல்லையென்றால் காரணம் சொல்லுங்கள்.